புத்தகசாலைகளின் கூட்டுறவும் தேடுதலின் செலவும்

கலாசாலைப் புத்தகசாலையொன்றின் வரவுசெலவுக் கணக்கை எடுத்துப் பார்ப்போமாயின், புத்தகம் வாங்கிய தொகையும், பத்திரிகைச் சந்தாவும், பைண்டு செய்த கூலியும், சிப்பந்திகளின் சம்பளமும் அதிற் காணப்படும். தேடுதலுக்கு ஆன செலவு என்று ஒரு பத்தி மட்டும் அதிற் காணப்படமாட்டாது. அப்படியொரு செலவு இல்லாமையாலன்று. அதைச் செலுத்துகிறவர் வேறொருவராயிருத்தலாலேயே அது கணக்கில் ஏறுவதில்லை.

நம் தமிழ் மாணாக்கரொருவர் தம் ஆராய்ச்சிக்கு வேண்டிய பழைய பதிப்பொன்றைத் தேடி இந்நகரத்துப் புத்தகசாலைகள் சிலவற்றில் ஒன்பது நாள் அலைந்தார். பின்னர்க் கடன் வாங்கிச் சென்னைக்குச் சென்று இரண்டு நாள் தங்கி, வேண்டிய பக்கங்களைப் படமெடுத்து வந்தார். வந்த பின்னரே, அப்புத்தகத்தின் பிரதியொன்று நம் வாயிலிலிருந்து ஒன்றரை மைல் தூரத்திலுள்ள மற்றொரு கல்லூரியின் அலமாரியில் முப்பது வருஷமாக ஒருவராலும் தொடப்படாமல் இருப்பதை, அங்கு வேலை பார்க்கும் உறவினரொருவர் வாயிலாகத் தற்செயலாய் அறிந்தார். அவருடைய பதினொரு நாளும் பிரயாணச் செலவும் எந்தப் புத்தகசாலையின் கணக்கிலும் எழுதப்படவில்லை. நம் புத்தகசாலையோ, "எங்களிடம் இல்லை" என்று உண்மையையே கூறி அனுப்பியது. எங்கே இருக்கிறதென்று கூற அதற்கு வழியிருக்கவில்லை. இந்நிலை நீங்கவேண்டும் என்பதும், அதற்கு முதலில் வேண்டுவது புதிய பணமன்று, பொது அட்டவணையொன்றே என்பதும் நமது அபிப்பிராயம்.

மிஷன் கல்லூரியிற் படித்த ஒருவரே இதற்கு வேண்டிய தத்துவத்தை உலகிற்குக் கூறினார் என்பதை நம்மவர் பலர் அறியார். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்றவர். 1924-ஆம் ஆண்டிற் சென்னைச் சர்வகலாசாலையின் புத்தகசாலைத் தலைவரானார். அவர் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பது. கணிதப் பேராசிரியராயிருந்தவர் ஆதலால், காலமும் ஒரு செலவே என்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவ்விதியை நம் புத்தகசாலைகளிற் பல சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியுள்ளன. மாட்டியதோடு நின்றன என்று கூறினால் புத்தகசாலைத் தலைவர்கள் நம்மீது வருத்தங்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

நிற்க. கூட்டுறவினால் உண்மையாகவே என்ன விளையும் என்பதற்கு அமெரிக்க நாட்டு ஒஹையோ மாகாணத்திற் சான்று காணலாம். அங்கே 1967-ஆம் ஆண்டில் 54 கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் ஒன்றுகூடி, "ஒஹையோ கல்லூரிப் புத்தகசாலை நிலையம்" என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. யேல் சர்வகலாசாலையினின்றும் வந்த பிரெடரிக் கில்கூர் என்பவர் அதற்குத் தலைமை பூண்டார். அவர்கள் கொண்ட எண்ணம் மிக எளியது. ஒரே புத்தகத்தை ஐம்பத்துநான்கு புத்தகசாலைகள் வாங்குமாயின், ஐம்பத்துநான்கு பேர் தனித்தனியே உட்கார்ந்து அதற்கு அட்டவணைச் சீட்டு எழுதுகின்றனர். முதலிற் பெற்றவர் எழுதியதை ஏனையோர் எடுத்துக்கொண்டாலென்ன? அமெரிக்கக் காங்கிரஸ் புத்தகசாலை 1901-ஆம் ஆண்டு முதலே அச்சிட்ட சீட்டுகளை விலைக்குக் கொடுத்துவந்தமையால், எண்ணம் முற்றிலும் புதியதன்று. அதனைக் கணிப்பொறியாலும் தொலைபேசிக் கம்பியாலும் உடனுக்குடன் செய்யலாம் என்பதே புதிது. 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி ஒஹையோ சர்வகலாசாலையின் ஆல்டன் புத்தகசாலையில் அது தொடங்கிற்று. முதலாண்டிலேயே அங்கு அட்டவணைப்படுத்திய புத்தகங்களின் தொகை மூன்றிலொரு பங்கு கூடியது. சிப்பந்திகளின் இடங்களில் 17 குறைந்தன.

அப்பதினேழு இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் செல்ல நம் மனம் இசையவில்லை. சீட்டெழுதுவதில் மிச்சமான கைகளை வாசகருக்குத் துணைசெய்ய அனுப்பியிருந்தால் கூட்டுறவின் பயன் இருமடங்காயிருக்கும். ஆயினும், கில்கூர் செலவே இல்லாமற் செய்வதாக ஒருபோதும் வாக்களிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மாணாக்கருக்கும் ஆகும் புத்தகசாலைச் செலவு ஆண்டுதோறும் உயரும் வேகத்தைத் தணிப்பதே அவர் குறித்த நோக்கம். அடக்கமான இக்குறிக்கோளே அவ்வேலையை நிலைக்கச் செய்தது போலும்.

அட்டவணைகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டதும், தொடக்கத்தில் முதன்மையாகக் கருதப்படாத பயனொன்று ஓங்கி நின்றது. எந்தப் புத்தகம் எந்தப் புத்தகசாலையில் இருக்கிறதென்பது எல்லோருக்கும் தெரியலாயிற்று. 1979-ஆம் ஆண்டு முதல் அதே யந்திரத்தின் வழியாகவே ஒரு புத்தகசாலை மற்றொன்றினிடத்தில் இரவல் கேட்கவும் வழி பிறந்தது. அந்நிலையம் இன்று உலக முழுதுமுள்ள புத்தகசாலைகளை உறுப்பாகக் கொண்டுள்ளது. அவ்வளவு பெரிதானபின் அதற்கு வேறொரு சோதனை வந்தது. உறுப்பினர்கள் எழுதிச் சேர்த்த பதிவுகளைப் பிறர் எடுத்தாளுவதற்கு வரம்பிட்டு 2008-ஆம் ஆண்டில் அது ஒரு விதியை அறிவித்தது. "எங்கள் உழைப்பை எங்களுக்கே விலைபேசுவதா" என்ற கருத்துப்படப் புத்தகசாலையாரிடமிருந்து பெருங்கண்டனம் எழுந்தது. 2009-ஆம் ஆண்டில் அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. கூட்டுறவைத் தொடங்குவோர், சேர்த்த பதிவு யாருடையது என்பதை முதல்நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் என்று இதிலிருந்து நாம் அறிகின்றோம்.

இனி, இரவல் கொடுப்பதும் வாங்குவதும் இலவசமென்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க ஆராய்ச்சிப் புத்தகசாலைகளின் சங்கத்தார் 1996-ஆம் ஆண்டுக் கணக்கைக்கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புத்தகமோ கட்டுரையோ இரவலாகப் பெற்று முடிப்பதற்கு வாங்குகிற புத்தகசாலைக்குச் சராசரி 18 டாலருக்கு மேலும், கொடுக்கிற புத்தகசாலைக்கு 9 டாலருக்கு மேலும் ஆயின என்று கண்டனர். அதிற் பெரும்பகுதி வேலை செய்வோரின் சம்பளமே. தபாற்செலவன்று, தேடுவதும் எழுதுவதும் கட்டுவதும் திரும்ப அடுக்குவதுமே பணத்தை விழுங்குகின்றன. ஆகையால், கொடுப்பவர் எப்பொழுதும் கொடுப்பவராகவும் வாங்குபவர் எப்பொழுதும் வாங்குபவராகவும் இருந்தால், சிலகாலத்திற்குள் கொடுப்பவர் கதவை மெல்லச் சாத்திவிடுவார். அதில் அவர்மீது குறைகூற இடமில்லை.

கணிப்பொறியின் வழியாகத் தேடுதலுக்கே விலை வைத்த காலமும் உண்டு. 1972-ஆம் ஆண்டில் லாக்ஹீட் கம்பெனியார் "டயலாக்" என்னும் தேடற்பணியை வியாபாரமாகத் தொடங்கினர். தொடர்பில் இருக்கும் நேரத்திற்கேற்பக் கட்டணம். வாடகை வண்டியின் மீட்டரைப்போல நிமிஷத்திற்கு நிமிஷம் தொகை ஏறியமையால், புத்தகசாலையார் கேட்கவேண்டிய கேள்வியை முன்னதாகவே காகிதத்தில் எழுதிச் செம்மைசெய்து கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு யந்திரத்தின்முன் அமர்ந்தனர். அக்கட்டணத்தை வாசகரிடம் வசூலிக்கலாமா, கூடாதா என்று அந்நாட்டில் நெடுநாள் விவாதம் நடந்தது. கூடாதென்பதே நம் கட்சி. புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவதற்கு நாம் காசு கேட்பதில்லை. அப்படியிருக்க, எந்த அலமாரி என்று சொல்வதற்குக் கேட்பது எவ்வாறு தகும்? வைத்திய சாஸ்திரக் கட்டுரைகளின் பெரும் அட்டவணையை அமெரிக்க தேசிய வைத்தியப் புத்தகசாலை 1997-ஆம் ஆண்டில் இணையத்தின் வழியாக எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் பின்னர் ஏழை நாட்டு வைத்தியரும் செல்வ நாட்டு வைத்தியரும் தேடுதலளவிலேனும் ஒரே வரிசையில் நின்றனர். கட்டுரையைப் படிப்பதற்கு விலை வேறாகக் கேட்கப்பட்டது என்பது மற்றொரு கதை.

நம் நாட்டிலும் இவ்வகை முயற்சிகள் இல்லாமலில்லை. 1952-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உதவியோடு டில்லியில் விஞ்ஞான ஆவண நிலையம் ஏற்பட்டு, ஆராய்ச்சியாளர் கேட்ட கட்டுரைகளுக்கு நகலெடுத்து அனுப்பிற்று. தென்னாசியாவிற் கிடைக்கும் விஞ்ஞான சஞ்சிகைகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் கூட்டு அட்டவணையொன்றை ரங்கநாதன் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கணிப்பொறி புத்தகசாலைக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்னரே, சீட்டுகளையும் கடிதங்களையுமே கொண்டு அது செய்யப்பட்டதை நினைக்கும்போது, நம் காலத்தவர் வசதியில்லை என்று கூறுவது சிறிது நாணத்தைத் தருகிறது. பின்னர் இன்பிளிப்நெட் என்னும் நிலையம் ஏற்பட்டது. அது சர்வகலாசாலை ஆராய்ச்சியேடுகளை "சோத்கங்கா" என்னும் களஞ்சியத்திற் சேர்த்து எவரும் படிக்கத் தந்துள்ளது. 2010-ஆம் ஆண்டிற் கல்லூரிகளுக்கென "என்-லிஸ்ட்" திட்டம் வந்தது. உதவிபெறும் கல்லூரியொன்று ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலுத்தி 6,000-க்கு மேற்பட்ட மின்சஞ்சிகைகளைத் தன் மாணாக்கருக்கு அளிக்கலாம். இவற்றைத் தனியே வாங்க முயன்றால் கல்லூரியின் கட்டடத்தை விற்றாலும் போதாது. ஆயினும் அதற்குரிய கடவுச்சொல்லைப் பெற்றவர் நம் வகுப்புகளில் எத்தனைபேர் என்று ஆசிரியர்கள் ஒருமுறை கைதூக்கச் சொல்லிப் பார்ப்பார்களாக.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி மத்திய மந்திரிசபை "ஒரு தேசம் ஒரு சந்தா" என்னும் திட்டத்திற்கு இசைவளித்தது. முப்பது பிரசுரகர்த்தர்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளுக்கு 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நன்முயற்சியே. ஆனால் அறிவிப்பிற் சொல்லப்பட்டவை மத்திய, மாநில அரசுகளின் நிருவாகத்திலுள்ள கல்விச்சாலைகளும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுமாகும். மிஷன் கல்லூரிகளோ அரசின் உதவியைப் பெற்றும் தனி நிருவாகத்தில் இருப்பவை. பந்தலுக்குள்ளும் இல்லாமல் வீதியிலும் இல்லாமல் வாயிற்படியில் நிற்பவருடைய நிலை நம்முடையது. நம் நிருவாகத்தார் ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பம் எழுதுவதைவிட, எல்லோரும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாக எழுதினால் அதற்குச் செவிசாய்ப்போர் மிகுவர்.

சேர்ந்து பேசுவோர்க்கு வலிமை உண்டென்பதைக் கலிபோர்னியாச் சர்வகலாசாலையார் காட்டினர். அதன் பத்துக் கல்வி நிலையங்களும் ஒரே குரலாக நின்று, எல்செவியர் என்னும் பெரும் பிரசுரகர்த்தரோடு 2019-ஆம் ஆண்டில் உடன்படிக்கையைப் புதுப்பிக்க மறுத்தன. 2021-ஆம் ஆண்டிலேயே புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இடைக்காலத்தில் வேண்டிய கட்டுரைகள் பலவற்றை வேறு புத்தகசாலைகளிடமிருந்து இரவல் வாங்கிச் சமாளித்தனர். இரவல் வழக்கம் ஊன்றியிருந்தமையால் அவர்களால் மறுக்கவும் முடிந்தது. அது இல்லாதவன் கேட்ட விலையைக் கொடுக்கவேண்டியவனே. மேலும், சந்தாவாற் பெறுவது வாடகை வீடு போன்றது. பணம் நின்ற மறுநாள் அலமாரி வெறுமையாகும். நம் பழைய கட்டடத்தின் மாடியில் தூசி படிந்து கிடக்கும் பைண்டு செய்த சஞ்சிகைத் தொகுதிகளை எள்ளி நகைப்போர் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக.

இதுகாறுங் கூறியன பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பற்றியன. நம் சொந்தப் பொருளாகிய தமிழ்ப் புத்தகங்களின் நிலைமை இதனினும் கவலைக்கிடமானது. நூறாண்டு கடந்த கல்லூரிகளின் அலமாரிகளில் மிஷனரிமார் சேர்த்த அகராதிகளும், இலக்கணங்களும், துண்டுப் பிரசுரங்களும், அக்காலப் பண்டிதர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த முதற்பதிப்புகளும் மரக்காலின்கீழ் வைத்த விளக்குப்போல இருக்கின்றன. அவற்றை வெளிநாட்டார் எவரும் நமக்காகப் பதிவுசெய்து தரப்போவதில்லை. நாமே பதிந்தபோதும் பிழைபடப் பதிந்துள்ளோம்.

உதாரணமாக, பல புத்தகசாலைகளில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களும் ஆங்கில எழுத்துக்களாலேயே கணிப்பொறியில் ஏற்றப்பட்டுள்ளன. "சிலப்பதிகாரம்" என்பதன் முதலெழுத்தை ஒருவர் ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தால் எழுதுகிறார். மற்றொருவர் பத்தொன்பதாம் எழுத்தால் எழுதுகிறார். நடுவிலுள்ள "தி"யை ஒருவர் "டி" என்று ஒலிக்கும்படியும், வேறொருவர் "ஹ" ஒலிக்குரிய எழுத்தைச் சேர்த்தும் எழுதுகிறார். ஆக, ஒரே காப்பியம் நாலைந்து இடங்களிற் சிதறுகிறது. ஆசிரியர் பெயரில் இடர் இன்னும் பெரிது. உ. வே. சாமிநாதையரவர்களின் பெயரை ஒரு புத்தகசாலை "சா" என்னும் எழுத்தின்கீழும், ஒன்று "சுவாமி" என்று திருத்தியும், ஒன்று "ஐயர்" என்பதைக் குடும்பப் பெயரென மயங்கி அதன்கீழும், மற்றொன்று தலைப்பெழுத்தாகிய "உ"வின்கீழும் எழுதுமானால், அவர் பதிப்புகள் அனைத்தையும் ஒருங்கே காண விரும்பும் மாணாக்கர் நான்கு வாயிலைத் தட்டவேண்டும். ஒருங்குறி பரவுமுன் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் தட்டெழுதிய பதிவுகளோ, கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் தேடினால் அகப்படுவதில்லை. புத்தகம் இருக்கிறது, பதிவும் இருக்கிறது, ஆயினும் கேட்டவர்க்கு "இல்லை" என்னும் விடையே கிடைக்கிறது. இவ்வாறு இழக்கும் காலத்தையும் தேடுதலின் செலவோடு கூட்டிக்கொள்ளவேண்டும்.

பதிவு ஒழுங்காயிருப்பின் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடத்திலேயே சான்றுண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அறிவிப்புத் தாள்களும், 1992-ஆம் ஆண்டில் அவர் காலமானபின் சிதறிப்போகும் நிலையில் இருந்தன. சிக்காகோ சர்வகலாசாலை அவற்றை விலைக்கு வாங்கிற்று. வாங்கியும் கப்பலேற்றவில்லை, சென்னையிலேயே 1994-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஆராய்ச்சிப் புத்தகசாலை அமைத்து, பிரதிகள் நாட்டிலிருக்க, நுண்படத்தின் வழியாகப் பிறர் பயன்படுத்தச் செய்தது. அட்டவணை எல்லோருக்கும், மூலப்பிரதி பிறந்த மண்ணுக்கு என்னும் இவ்வேற்பாட்டைவிடச் சிறந்த கூட்டுறவை நாம் அறியோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை நாம் கேளாமலில்லை. "இருப்பதைச் சொன்னால் கேட்பார்கள், கேட்டால் கொடுக்கவேண்டும், கொடுத்தால் திரும்பாது" என்று முதிய புத்தகசாலைத் தலைவரொருவர் நம்மிடங் கூறினார். அவர் அச்சத்தை இகழ்தல் தகாது. தொலைந்த புத்தகத்திற்குத் தணிக்கையில் விடைசொல்லவேண்டியவர் அவரேயன்றி நாமல்லோம். ஆனால் அட்டவணையில் எழுதுவது வேறு, கையிற் கொடுப்பது வேறு. அரிய பிரதியை வெளியே அனுப்பவேண்டியதில்லை. வேண்டிய மாணாக்கர் தம் கல்லூரித் தலைவரின் கடிதத்தோடு வந்து அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். பதிப்புரிமை கடந்தவற்றைப் படமெடுத்து அனுப்பலாம். சாதாரணப் புத்தகங்களையே இரவலாக அனுப்புதல் போதும். சிலர், பெரிய புத்தகசாலையென்ற பெருமை குன்றுமே என்று வெளிப்படச் சொல்லாமல் எண்ணுகின்றனர். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றுமில்லை.

செய்யவேண்டுவது இன்னதென்று கூறிவிடுவோம். இந்நகரத்திலும் சுற்றிலுமுள்ள நான்கு கல்லூரிகள் முதலிற் சேர்ந்தாற் போதும். நியூசிலாந்திற் பிறந்த "கோஹா" என்னும் புத்தகசாலை மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. மயோரி மொழியில் அச்சொல்லுக்கு நன்கொடை என்றே பொருளாம். மென்பொருள் நன்கொடையாயினும் பதியும் கை நன்கொடையன்று. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் புத்தகம் வாங்க ஒதுக்கும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கை இதற்கென எடுத்துவைக்கவேண்டும். நால்வரும் ஒரே விலையுயர்ந்த புத்தகத்தை நான்கு பிரதி வாங்குவதை நிறுத்தினால் அத்தொகை தானே வந்துவிடும். தமிழ்ப் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதுவது, ஆசிரியர் பெயரை இன்னவாறு தலைப்பிடுவது என்னும் விதிகளை நான்கு புத்தகசாலைத் தலைவர்களும் இரண்டொரு சனிக்கிழமைகளில் அமர்ந்து தீர்மானிக்கலாம். 1950-க்கு முற்பட்ட தமிழ்ப் புத்தகங்களை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். அவற்றின் காகிதம் காத்திருக்கமாட்டாது. மாணாக்கரிடம் தேடுதற்கென்று ஒரு காசும் வாங்கலாகாது.

பழைய மாணாக்கர் சங்கத்தார் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு ஞாபகச் சின்னம் நிறுவ விரும்புகின்றனர். சென்ற முறை நுழைவாயிலில் வளைவு கட்டினர், அழகாகவே இருக்கிறது. இம்முறை இரண்டு பட்டதாரிகளுக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்து இவ்வட்டவணையைத் தொடங்கி வைக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சென்னைக்குச் சென்று வந்த மாணாக்கர், அவ்விருவருள் ஒருவராகப் பணிபுரியத் தாம் சித்தமாயிருப்பதாக நம்மிடம் தெரிவித்துள்ளார். அந்த ஒன்றரை மைல் தூரத்து அலமாரியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அவர் விதிக்கும் ஒரே நிபந்தனை.